ஐபிடிஜி போட்டும் மரபணு திறக்கவில்லையா, போடாமலே திறக்கிறதா? டி7 தூண்டலில் பிழை தேடும் வழி

ஈ. கோலை பாக்டீரியாவில், நமக்கு வேண்டிய மரபணுவைச் சுமக்கும் பிஇடி பிளாஸ்மிடை (சிறு வட்ட டிஎன்ஏவை) ஏற்றி, மரபணுவைத் திறக்கும் வேதிப்பொருளான ஐபிடிஜி கொடுத்து, மூன்று மணி நேரம் கழித்து ஜெல் ஓட்டினால் எதிர்பார்த்த இடத்தில் பட்டை இல்லை. அல்லது ஐபிடிஜி போடாத குழியிலும் அதே பட்டை தடிமனாக நிற்கிறது. இவை நேரெதிர்க் கோளாறுகள் போலத் தெரிந்தாலும் தேட வேண்டிய இடம் ஒன்றுதான். படியெடுப்புக்கு (மரபணுவை ஆர்என்ஏவாக்குவதற்கு)ப் போட்ட பூட்டு எங்கோ திறக்கவில்லை, அல்லது எங்கோ சரியாகப் பூட்டவில்லை.

இந்த அமைப்பில் பூட்டுகள் இரண்டு என்பதை மறந்தால் நாள்கணக்கில் தவறான இடத்தில் தேடுவோம். முதல் பூட்டு குரோமோசோமில் இருக்கிறது. டி7 ஆர்என்ஏ பாலிமரேஸின் மரபணு அங்கே லாக்யுவி5 என்ற புரோமோட்டருக்கு (படியெடுப்பு தொடங்க பாலிமரேஸ் உட்காரும் டிஎன்ஏ பகுதிக்கு)க் கீழே இருக்கிறது. இரண்டாவது பூட்டு பிளாஸ்மிடில், உங்கள் மரபணுவுக்கு முன்னால் உள்ள டி7லாக் புரோமோட்டரில் இருக்கிறது. படியெடுப்பைத் தடுக்கும் புரதமான லாக்ஐ ரெப்ரசர் இரண்டின் மீதும் உட்கார்ந்திருக்கும். ஐபிடிஜி வந்தால் இரண்டிலிருந்தும் விலகும். செல்லின் சொந்த பாலிமரேஸ் டி7 பாலிமரேஸைச் செய்யும், அது உங்கள் மரபணுவைப் படியெடுக்கும், ரைபோசோம் புரதமாக்கும். கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியும் இந்தச் சங்கிலியின் ஏதோ ஒரு கண்ணி அறுந்ததைத்தான் காட்டுகிறது.

## எதற்கும் முன்னால்: மூன்று மாதிரிகள்

ஜெல்லில் மூன்று குழிகள் இல்லாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஐபிடிஜி போடுவதற்குச் சற்று முன் எடுத்தது, ஐபிடிஜி போட்டு மூன்று மணி நேரம் கழித்து எடுத்தது, ஐபிடிஜி போடாமல் அதே மூன்று மணி நேரம் அதே ஷேக்கரில் வளர்ந்தது. பலரும் மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். வயது கூடினாலே செல்லின் புரதங்கள் மாறும், கசிவும் கூடும். முதல் மாதிரியோடு மட்டும் ஒப்பிட்டால் வயதால் வந்த பட்டையைத் தூண்டலால் வந்தது என்று எடுத்துக்கொள்வோம். வெற்று பிஇடி ஏற்றிய செல்லையும் நாலாவது குழியில் போட்டால் இன்னும் நல்லது.

செல் அளவும் சமமாக இருக்க வேண்டும். 1000-ஐ ஓடியால் (கல்ச்சரின் கலங்கலைக் காட்டும் எண்ணால்) வகுத்து வரும் மைக்ரோலிட்டர் கல்ச்சரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடி 2.5 என்றால் 400 மைக்ரோலிட்டர். சுழற்றி, பெல்லட்டை 100 மைக்ரோலிட்டர் மாதிரி பஃபரில் கலக்கி, 95 டிகிரியில் 5 நிமிடம் வைத்து, 10 மைக்ரோலிட்டர் ஏற்றுங்கள். டிப்பில் நூல் நூலாக இழுத்தால் அது டிஎன்ஏ. மெல்லிய ஊசியில் நாலைந்து முறை இழுத்து விட்டால் உடையும். உடைக்காமல் ஏற்றினால் குழி கோணலாக ஓடி, பட்டை இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

## அறிகுறி 1: ஐபிடிஜி போட்டும் பட்டை இல்லை

செல் வகையைப் பாருங்கள். செலவில்லாத சோதனை, அதிகம் மாட்டுவதும் இதுதான். குளோனிங் செய்த டிஎச்5ஆல்பாவிலேயே தூண்டிப் பார்த்திருப்பார்கள். அதில் டி7 பாலிமரேஸ் மரபணுவே கிடையாது. எவ்வளவு ஐபிடிஜி கொட்டினாலும் ஒன்றும் வராது. குழாயில் வெறும் பிஎல்21 என்று எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம், பின்னால் டிஇ3 (டி7 பாலிமரேஸ் மரபணு உள்ளது என்பதற்கான குறி) இருக்க வேண்டும்.

ஐபிடிஜி கரைசல். 1 மோலார் கரைசலுக்கு 10 மி.லி. நீரில் 2.38 கிராம். தசமப் புள்ளி ஓரிடம் தள்ளி 0.238 கிராம் போட்டால் பத்தில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டி, சிறு பங்குகளாக மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். ஆட்டோகிளேவ் வேண்டாம். ஒரு லிட்டர் கல்ச்சருக்கு 0.5 மில்லிமோலார் வேண்டுமானால் 500 மைக்ரோலிட்டர்.

குளுக்கோஸ் மிச்சம். கசிவை அடக்க இரவுக் கல்ச்சரில் 1 சதவீதக் குளுக்கோஸ் போட்டு, தூண்டும் ஊடகத்திலும் அதையே தொடர்ந்தால் முதல் பூட்டு அரைகுறையாகத்தான் திறக்கும். லாக்யுவி5 சாதாரண லாக் புரோமோட்டர் அளவுக்குக் குளுக்கோஸுக்குப் பணியாது என்பது உண்மை. அதற்காக முழுக்க விலக்குப் பெற்றது என்று நினைக்கக் கூடாது. தூண்டும் குடுவையில் குளுக்கோஸ் வேண்டாம்.

எந்த ஓடியில் போட்டீர்கள்? 37 டிகிரியில் 0.6 முதல் 0.8 வரை. ஓடி 2-ஐத் தாண்டி எல்பி ஊடகத்தில் செல்கள் களைத்த பிறகு போட்டால் பாலிமரேஸும் ரைபோசோமும் குறைந்திருக்கும். பட்டை மங்கலாகவே வரும்.

இவை நாலும் சரி என்றால், பச்சை ஒளிரும் புரதம் தரும் பிஇடி பிளாஸ்மிடை அதே செல்லில் ஏற்றி, அதே ஐபிடிஜியால் தூண்டுங்கள். இங்கேதான் பாதை பிரிகிறது.

### கட்டுப்பாட்டுப் பிளாஸ்மிட் ஒளிரவில்லை

கோளாறு உங்கள் மரபணுவில் இல்லை. செல்லில், அல்லது ஐபிடிஜியில். வேறு பெட்டியிலிருந்து ஐபிடிஜி கடன் வாங்கிப் பாருங்கள். அதிலும் ஒளிராவிட்டால் செல்லைப் பிசிஆரில் சோதியுங்கள். டி7 பாலிமரேஸ் 883 அமினோ அமிலம் கொண்டது, மரபணு சுமார் 2.65 கிலோபேஸ். உள்ளே 500 பேஸ் அளவுக்கு ஒரு துண்டைப் பெருக்கினாலே போதும். துண்டு வரவில்லை என்றால் அந்தக் குழாயைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிய செல் வாங்குங்கள். சரிசெய்ய முயல்வது நேர விரயம்.

### கட்டுப்பாட்டுப் பிளாஸ்மிட் நன்றாக ஒளிர்கிறது

பூட்டுகள் இரண்டும் திறக்கின்றன. கோளாறு உங்கள் பிளாஸ்மிடில். இனி ஊகிக்க வேண்டாம், முழு பிளாஸ்மிடையும் வரிசைப்படுத்தக் கொடுங்கள். மரபணுவை மட்டும் படித்துவிட்டு 'வரிசை சரி' என்று சொல்வதால்தான் இந்தக் கோளாறு மாதக்கணக்கில் நீடிக்கிறது. பார்க்க வேண்டியவை மரபணுவுக்கு முன்னால் இருக்கின்றன.

டி7 புரோமோட்டர் இப்படி இருக்க வேண்டும்: டிஏஏ டிஏசி ஜிஏசி டிசிஏ சிடிஏ டிஏஜி. கடைசி ஜி-யில்தான் படியெடுப்பு தொடங்குகிறது. நடுவில் ஓர் எழுத்து போனாலும் பாலிமரேஸ் வந்து உட்காராமல் போகலாம். அடுத்து ரைபோசோம் இடம்: ஏஏஜிஜிஏஜி என்ற ஆறு எழுத்துக்கும் தொடக்க ஏடிஜி-க்கும் இடையில் 8 எழுத்து. வெட்டு நொதியை மாற்றிக் குளோன் செய்தவர்கள் இந்த இடைவெளியை 15, 20 என்று நீட்டியிருப்பார்கள். அப்போது ஆர்என்ஏ நிறைய இருக்கும், புரதம் இருக்காது. அறிகுறி 4-க்குப் போங்கள்.

டாக், ட்ரக் போன்ற புரோமோட்டர்களில் படியெடுப்பது செல்லின் சொந்த பாலிமரேஸ். அங்கே பார்க்க வேண்டியது மைனஸ் 35-இல் (படியெடுப்பு தொடங்கும் இடத்துக்குச் சுமார் 35 எழுத்து முன்னால்) டிடிஜிஏசிஏ, மைனஸ் 10-இல் டிஏடிஏஏடி, இடையே 16 அல்லது 17 பேஸ். பிரைமரில் ஒரு பேஸ் விடுபட்டு இடைவெளி 15 ஆனால் புரோமோட்டர் பெரிதும் தளர்ந்துவிடும். கண்ணால் பார்த்தால் இரண்டு பெட்டிகளும் சரியாகவே இருக்கும், எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

## அறிகுறி 2: ஐபிடிஜி போடாமலே பட்டை வருகிறது

எப்போது வருகிறது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

### இரவு முழுக்க வளர்ந்த கல்ச்சரில் மட்டும்

காரணம் ஊடகத்தில் இருக்கிறது. டிரிப்டோன் என்பது பால் கேசினைச் செரித்துச் செய்வது. அதில் லாக்டோஸ் துளித்துளியாக ஒட்டியிருக்கும். மற்ற உணவு தீரும் வரை செல் அதைத் தொடாது. தீர்ந்து, செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி ஏறும்போது ஐபிடிஜி இல்லாமலே பூட்டு திறந்துகொள்கிறது. அதனால்தான் ஒரு பொட்டலம் டிரிப்டோனில் கசிவு இருக்கும், அடுத்த பொட்டலத்தில் இருக்காது.

மருந்து மலிவு: தட்டிலும் இரவுக் கல்ச்சரிலும் 1 சதவீதக் குளுக்கோஸ். 40 சதவீதக் கரைசலில் லிட்டருக்கு 25 மி.லி. குளுக்கோஸைத் தனியாகக் கிருமி நீக்கி, ஊடகம் ஆறிய பிறகு சேருங்கள். சேர்த்து வேகவைத்தால் அமினோ அமிலத்தோடு வினைபுரிந்து பழுப்பாகும். இரவுக் கல்ச்சரைக் காலை பத்து மணி வரை விட்டுவைக்காமல், ஓடி 1-ஐ ஒட்டி இருக்கும்போதே குளிரில் வைத்துவிட்டால் பாதிக் கசிவு அங்கேயே நின்றுவிடும்.

### ஓடி 0.6-லேயே கசிகிறது

ஊடகத்தைக் குறை சொல்ல முடியாது. ரெப்ரசர் போதவில்லை என்று பொருள். சாதாரண ஈ. கோலையின் ஒரு செல்லில் லாக்ஐ நான்கன் கூட்டுகள் பத்தையொட்டிய எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. பிளாஸ்மிட் நாற்பது படிகள் இருந்து, ஒவ்வொன்றிலும் ஓர் ஆபரேட்டர் (லாக்ஐ உட்காரும் டிஎன்ஏ இடம்) இருந்தால் பத்துப் பூட்டுகள் நாற்பது கதவுகளுக்கு எட்டுமா? அதற்காகத்தான் பிஇடியிலேயே ஒரு லாக்ஐ மரபணு வைத்திருக்கிறார்கள். பிளாஸ்மிடை 'சுருக்குகிறோம்' என்று அந்தப் பகுதியை வெட்டியவர்களுக்கும், புரோமோட்டரை மட்டும் எடுத்து நூற்றுக்கணக்கில் படியாகும் பியுசி முதுகெலும்பில் ஒட்டியவர்களுக்கும் கசிவு வந்தே தீரும். வரைபடத்தில் லாக்ஐ இருக்கிறதா என்று பாருங்கள். ஆபரேட்டர் இல்லாத பழைய டி7 புரோமோட்டர் கொண்ட பிளாஸ்மிடா என்றும் பாருங்கள். அப்படியென்றால் இரண்டாவது பூட்டே இல்லை.

லாக்ஐ இருந்தும் கசிந்தால் பிளைஸ்எஸ் என்ற துணைப் பிளாஸ்மிட் உள்ள செல்லுக்கு மாறுங்கள். அது டி7 லைசோசைமைச் சிறிதளவு செய்து, கசிந்து வரும் டி7 பாலிமரேஸைப் பிடித்துக் கட்டும். குளோராம்பெனிகால் 34 மைக்ரோகிராம்/மி.லி. சேர்க்க மறக்காதீர்கள். பட்டை சற்றுத் தாமதமாக வரும், அது இயல்பு. இந்தச் செல்களின் பெல்லட்டை உறைய வைத்து உருக்கினாலே உடையத் தொடங்கும் என்பதால் கழுவும் வேலையை உறைவதற்கு முன்பே முடியுங்கள்.

## அறிகுறி 3: ஐபிடிஜி போட்டதும் வளர்ச்சி நிற்கிறது

ஓடி ஏறும் வேகம் குறைவது கோளாறே அல்ல. டி7 பாலிமரேஸ் செல்லின் சொந்த பாலிமரேஸைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு வேகத்தில் ஓடும். செல்லின் நியூக்ளியோடைடும் ரைபோசோமும் ஒரே மரபணுவுக்குப் போய்விடுகின்றன. ஓடி நின்ற இடத்திலேயே நின்றாலோ குறைந்தாலோதான் கவலைப்பட வேண்டும்.

முதலில் ஐபிடிஜியை 0.05 முதல் 0.1 மில்லிமோலாருக்குக் குறைத்து, வெப்பத்தை 18 முதல் 25 டிகிரிக்கு இறக்குங்கள். குடுவையை அரை மணி நேரம் குளிர விட்ட பிறகே ஐபிடிஜி. 18 டிகிரியில் 16 மணி நேரம். இதிலேயே பெரும்பாலான வழக்குகள் தீரும்.

தீரவில்லையா, நாலு தட்டுச் சோதனை செய்யுங்கள். இரண்டு நாளில் தெளிவான பதில் தருகிற, ஆனால் பலரும் செய்யாமல் விடுகிற சோதனை இது. ஐபிடிஜி போடுவதற்குச் சற்று முன் கல்ச்சரை எடுத்து, ஒவ்வொரு தட்டிலும் 100 மைக்ரோலிட்டர் பரப்புங்கள்: வெறும் தட்டு, ஆன்டிபயாடிக் மட்டும் உள்ள தட்டு இரண்டுக்கும் பத்து லட்சம் மடங்கு நீர்த்தது, 1 மில்லிமோலார் ஐபிடிஜி மட்டும் உள்ளதற்கு லட்சம் மடங்கு, இரண்டும் உள்ளதற்கு ஆயிரம் மடங்கு.

ஆரோக்கியமான கல்ச்சரில் முதல் இரண்டு தட்டுகளிலும் ஒரே எண்ணிக்கை வரும். ஐபிடிஜி தட்டில், நீர்த்தலைக் கணக்கிட்ட பிறகு, 2 சதவீதத்துக்கும் குறைவு. கடைசித் தட்டில் 0.01 சதவீதத்துக்கும் குறைவு. ஆன்டிபயாடிக் தட்டில் குறைந்து, ஐபிடிஜி தட்டில் கூடினால் தூண்டுவதற்கு முன்பே செல்கள் பிளாஸ்மிடை உதறிவிட்டன. மரபணு விஷமாக இருக்கிறது, கசிவே அவற்றைக் கொல்கிறது, அறிகுறி 2-ஐச் சரிசெய்யுங்கள். கடைசித் தட்டில் காலனிகள் மண்டினால் பிளாஸ்மிட் இருக்கிறது, படியெடுப்புதான் எங்கோ செத்துவிட்டது. அப்படித் தப்பித்த செல்களைப் பெருக்கிப் பெருக்கித்தான் 'வளர்கிறது, ஆனால் புரதம் இல்லை' என்ற நிலை வருகிறது.

விஷ மரபணு என்று உறுதியானால் சி41(டிஇ3), சி43(டிஇ3) செல்களுக்கு மாறலாம். 1996-இல் அறிவிக்கப்பட்ட இந்தச் செல்களில் லாக்யுவி5 புரோமோட்டர் தளர்ந்து, டி7 பாலிமரேஸ் குறைவாகவே உண்டாகிறது. சவ்வுப் புரதங்களுக்கு இவையே முதல் தேர்வு.

## அறிகுறி 4: புரதம் இல்லை, ஆர்என்ஏ இருக்கிறதா என்று தெரியவில்லை

ஆர்டி-கியூபிசிஆர் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி, பெருக்கி அளக்கும் முறை) செய்தே தீர வேண்டிய இடம் இது. ஆனால் பொய் சொல்லும் கியூபிசிஆர் இங்கே சுலபம். ஒவ்வொரு செல்லிலும் பத்துக்கணக்கில் பிளாஸ்மிட் இருப்பதால், ஆர்என்ஏவோடு வரும் டிஎன்ஏவே நல்ல சிடி மதிப்பை (சமிக்ஞை தெரியத் தொடங்கும் சுழற்சி எண்ணை)த் தந்துவிடும். டிஎன்ஏஸை இரண்டு சுற்று போட்டு, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத குழாயையும் ஓட்டுங்கள். இரண்டுக்கும் இடையே குறைந்தது 5 சுழற்சி வித்தியாசம் இல்லாவிட்டால் அந்த எண்ணை ஏட்டில் எழுதாதீர்கள்.

மாதிரி எடுக்கும் விதமும் முக்கியம். ஈ. கோலையில் பெரும்பாலான எம்ஆர்என்ஏக்களின் அரை ஆயுள் சில நிமிடம்தான். கல்ச்சரைச் சாதாரணமாகப் பத்து நிமிடம் சுழற்றினால் நீங்கள் அளப்பது மிச்சத்தை. ஆர்என்ஏ காப்புத் திரவம் இரண்டு பங்கில் ஒரு பங்கு கல்ச்சரை நேரடியாக ஊற்றிக் கலக்கிய பிறகே சுழற்றுங்கள். ஒப்பீட்டுக்கு 16எஸ் ரைபோசோம் ஆர்என்ஏ வேண்டாம், அது மிக அதிகம். சிஸ்ஜி, ஐடிஎன்டி போன்ற மரபணுக்கள் தூண்டலின்போதும் நிலையாக நிற்கின்றன.

பிரைமர் இரண்டு ஜோடி வையுங்கள்: ஒன்று மரபணுவின் தலைப்பக்கம், ஒன்று வால்பக்கம்.

இரண்டிலும் ஆர்என்ஏ இல்லை: படியெடுப்பே தொடங்கவில்லை. அறிகுறி 1.

தலையில் இருக்கிறது, வாலில் இல்லை: பாலிமரேஸ் நடுவில் விழுகிறது, அல்லது ஆர்என்ஏ அறுபடுகிறது. டி7 பாலிமரேஸ் ரைபோசோமை முந்தி ஓடுவதால் ஆர்என்ஏ வெறுமையாகத் தொங்கும், ஆர்என்ஏஸ்-ஈ அதை வெட்டும். 30 டிகிரிக்கு இறக்கிப் பாருங்கள். இல்லையென்றால் ஆர்என்ஏஸ்-ஈ-யின் வால்பகுதி நீக்கப்பட்ட 'ஸ்டார்' வகைச் செல். அதில் கசிவும் சற்றுக் கூடும், தெரிந்தே மாறுங்கள்.

இரண்டிலும் நிறைய இருக்கிறது: படியெடுப்பில் குறையில்லை. ரைபோசோம் இடத்தின் இடைவெளி, தொடக்கத்தில் ஆர்என்ஏ மடிந்துகொள்வது, அரிய கோடான்கள் (செல் குறைவாகவே பயன்படுத்தும் மூன்றெழுத்துக் குறிகள்) ஆகியவற்றைப் பாருங்கள். ஏஜிஜி, ஏஜிஏ இரண்டு அடுத்தடுத்து வந்தாலே ரைபோசோம் திணறும். அரிய டிஆர்என்ஏக்கள் கூடுதலாக உள்ள ரோசெட்டா வகையில் ஒருமுறை முயன்று, பயனில்லை என்றால் மரபணுவைப் புதிய கோடான்களோடு செயற்கையாகச் செய்யக் கொடுத்துவிடலாம்.

பட்டை பின்னணியில் மறைகிறதா, இல்லவே இல்லையா என்ற ஐயத்துக்கு ரிஃபாம்பிசின் உதவும். ஐபிடிஜி போட்டு 30 நிமிடம் கழித்து 200 மைக்ரோகிராம்/மி.லி. சேருங்கள். அது செல்லின் பாலிமரேஸை நிறுத்தும், டி7 பாலிமரேஸைத் தொடாது. அடுத்த ஒரு மணி நேரத்தில் கூடுகிற பட்டை எதுவோ அதுதான் உங்களுடையது.

## அறிகுறி 5: ஒரே படியில் இரண்டு மரபணு வைத்தேன், இரண்டாவது வரவில்லை

செல்லின் பாலிமரேஸ் படிக்கும் புரோமோட்டர் என்றால் முதல் மரபணுவில் தேடுங்கள். அதில் எங்கோ தவறான நிறுத்தக் கோடான் விழுந்திருந்தால் ரைபோசோம் அங்கேயே இறங்கிவிடும். காலியான ஆர்என்ஏ மீது ரோ புரதம் ஏறி ஓடி, பாலிமரேஸை எட்டிப் பிடித்துப் படியெடுப்பையே நிறுத்தும். முதல் மரபணுவில் செய்த பிழைக்கு இரண்டாவது தண்டனை பெறுகிறது. டி7 பாலிமரேஸின் வேகத்துக்கு ரோவால் ஈடுகொடுக்க முடியாது, அதனால் பிஇடியில் இந்தக் காரணத்தைக் கடைசியில் வையுங்கள். இரண்டாவது மரபணுவுக்குத் தனி ரைபோசோம் இடம் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

## அறிகுறி 6: போன மாதம் வந்தது, இந்த மாதம் வரவில்லை

பழைய தட்டின் காலனி, பலமுறை உருகி உறைந்த கிளிசரால் குழாய், ஆம்பிசிலின். இந்த மூன்றில் ஒன்று. ஆம்பிசிலினை எதிர்க்கும் நொதி செல்லைவிட்டு வெளியே கசிந்து ஊடகத்தில் உள்ள மருந்தையே தின்றுவிடும். பிறகு பிளாஸ்மிட் இல்லாத செல் தடையின்றி வளரும். இரவுக் கல்ச்சரைச் சுழற்றி, பழைய ஊடகத்தைக் கொட்டி, புதியதில் கலக்கி 1:100 சேருங்கள். இல்லையென்றால் கார்பெனிசிலின் 100 மைக்ரோகிராமுக்கு மாறுங்கள். புதிதாக டிரான்ஸ்ஃபார்ம் செய்த காலனியை ஒரு வாரத்துக்குள் பயன்படுத்துங்கள்.

## எப்போது வெளியே கொடுக்க வேண்டும்

கட்டுப்பாட்டுப் பிளாஸ்மிட் ஒளிர்ந்து, மூன்று தனிக் காலனிகளிலும் பட்டை வராமல் போனால் நாலாவது காலனியைத் தேடாதீர்கள், அன்றே பிளாஸ்மிடை வரிசைப்படுத்த அனுப்புங்கள். வரிசை சரியாக இருந்து, தலை வால் இரண்டிலும் ஆர்என்ஏ இருந்து, ரோசெட்டாவிலும் புரதம் இல்லை என்றால் மரபணு செயற்கைத் தொகுப்புக்குப் போக வேண்டும். சி43-இலும் செல் செத்தால் ஈ. கோலையை விட்டுவிட்டு, ஈஸ்ட் அல்லது பூச்சி செல் வசதியுள்ள மையத்தில் பேசுங்கள்.

## அறிகுறி 7: தானியங்கித் தூண்டல் ஊடகத்தில் மட்டும் வரவில்லை

இந்த ஊடகத்தில் ஐபிடிஜிக்குப் பதிலாக லாக்டோஸே தூண்டும். குளுக்கோஸ் 0.05, லாக்டோஸ் 0.2, கிளிசரால் 0.5 சதவீதம். குளுக்கோஸ் தீரும்வரை லாக்டோஸ் உள்ளே நுழையாது, அதுதான் இதன் கடிகாரம். குளுக்கோஸை 0.5 என்று தவறாகப் போட்டால் கடிகாரம் நகரவே நகராது. ஆரம்பத்திலேயே 18 டிகிரியில் வைத்தால் குளுக்கோஸ் தீரவே ஓரிரவு ஆகிவிடும். 37 டிகிரியில் லேசாகக் கலங்கும்வரை வளர்த்து, பிறகு இறக்கி, குறைந்தது 20 மணி நேரம் விடுங்கள். குடுவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஊடகம் ஊற்ற வேண்டாம்.